பலகையில் 981, டப்பாவில் 61

எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை செய்கிற நாற்பத்துமூன்று பேருக்கும் பொதுவாக ஒரு ராசி உண்டு. எல்லோரும் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுவார்கள். கை கிழிந்தாலும் குளியலறைதான், கால் பிசகினாலும் குளியலறைதான். தெருமுனை டாக்டர் ஒருநாள் என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்க, உங்க கம்பெனி ஆளுங்க எல்லாம் சோப்புத் தண்ணியிலயா குடித்தனம் பண்றீங்க?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். உண்மையான காரணம் கம்பெனி வாசலில் பச்சைப் பெயிண்ட் அடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று தலைப்பு. அதற்குக் கீழே மூன்று ஆணி, ஆணிக்கு ஒரு எண் அட்டை. தினமும் காலையில் வாட்ச்மேன் வந்து ஒரு எண்ணைக் கூட்டி மாட்டுவார். ஆயிரம் ஆகிவிட்டால் தலைமை அலுவலகம் கேடயம் கொடுக்கும், எங்கள் எல்லோரையும் குடும்பத்தோடு பஸ் வைத்து ஒருநாள் கடலுக்குக் கூட்டிப்போகும். நடுவில் எவனாவது 'எனக்கு அடிபட்டது' என்று எழுதிக் கொடுத்தால் எல்லாம் போச்சு, மறுபடி பூஜ்யம். நாற்பத்திரண்டு குடும்பத்துப் பிள்ளைகளின் கடலை ஒரு ஆள் தன் சுண்டுவிரலுக்காகக் குடித்துவிட்டான் என்று பேர் வாங்க யாருக்கு மனசு வரும்? அதனால் குளியலறை.

சுவரில் முதலுதவிப் பெட்டி என்று ஒன்று இருந்தது. வந்த நாளில் ஒட்டிய சீல் உடையாமல் புதுப்பெண் மாதிரி இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். நிஜமான முதலுதவி என்னுடைய ஸ்டோர் அறையில் இருந்தது. பசை டின்களுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் பிளாஸ்திரி, பஞ்சு, எரியும் மருந்து ஒன்று, எரியாத மருந்து ஒன்று. அடிபட்டவர்கள் கையுறை வாங்குகிற சாக்கில் வருவார்கள். நான் ஒட்டிவிடுவேன். ஒட்டுகிற நேரத்தில் எப்படி ஆச்சு, எங்கே ஆச்சு, பக்கத்தில் யார் இருந்தார்கள், யார் சிரித்தார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுவிடுவேன். எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பிரிந்துவிட்டோம். ஆனால் அடுத்தவர் கதை என்றால் எனக்கு எழுதி வைக்கத் தேவையில்லை, அப்படியே பதிந்துவிடும்.

சரி, நான் சொல்ல வந்தது டேப் அக்கா கதை.

பத்தொன்பது வயதில் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலைக்கு வந்தவர். அந்தப் பேர் நாற்பத்தாறு வயது வரைக்கும் உரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது. இப்போது பேக்கிங் பகுதி சூப்பர்வைசர். மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரல் எங்கள் கம்பெனியில் அவருக்கு மட்டும்தான். இடது மோதிர விரல் மட்டும் நகக்கண் அளவுக்குக் குட்டை. கேட்டால் 'வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சு' என்பார்.

கதவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பலகையில் அறுபத்துநான்கு என்று தொங்கிய நாள் அது. அப்போது அக்கா சூப்பர்வைசர் ஆகவில்லை, ஸ்லாட்டிங் மிஷினில் நின்றிருந்தார். பெட்டி மடிவதற்காக அட்டையில் பள்ளம் வெட்டுகிற மிஷின் அது. வெட்டிய துண்டு நடுவில் சிக்கிக்கொள்ளும். நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அக்கா மிஷின் ஓட ஓடவே எடுத்தார். கையைத் துணியில் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்து, "ஒரு பிளாஸ்திரி குடுங்கண்ணே" என்றார். துணியைப் பிரித்துப் பார்த்தேன். எனக்குத்தான் தலை சுற்றியது. பின்வாசல் வழியாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டரிடம் கதவுக் கதையை அவ்வளவு அழகாகச் சொன்னார், நானே கொஞ்ச நேரம் நம்பிவிட்டேன். திரும்பி வரும்போது சொன்னார்:

"அண்ணே, பொய் சொல்லி முடிக்கிற வரைக்கும் வலி தெரியல. இப்பத்தான் வலிக்குது."

ஆறு மாதம் கழித்து அக்காவை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதே மாதம் அவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு சனி, ஞாயிறு நடத்துகிற இரண்டு வருஷப் படிப்பு. பேர் 'நிறுவனத் தலைமைத்துவமும் பணியிடப் பாதுகாப்பும்'. இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

டீ நேரத்தில் அக்காவின் தலை உருண்டது. ஆரம்பித்து வைத்தவன் ஸ்லாட்டிங் மிஷின் ஓட்டுகிற வக்கீல். அவன் சட்டம் படித்தவன் இல்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பேர்.

"அக்கா, தலைமைத்துவம்னா என்னக்கா? தலைவலி மாதிரி எதுனாவா?"

"ஆமாடா. உன்னைய வச்சு வேலை வாங்குனா வருமே, அதான்."

"அதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா?"

"உன்னைய மட்டும்னா பத்து வருஷம் ஆகும். மத்தவங்களையும் சேர்த்துப் பார்த்துக் குறைச்சிருக்காங்க."

அக்கா வீடு மேல் மாடி, என் வீடு கீழே. ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. காது தானாக மேல் பக்கமாக வளர்ந்துவிட்டது, நான் என்ன செய்ய? அங்கே ஒரே ஒரு மேஜை. ஒரு பக்கம் கல்லூரியில் படிக்கிற மகள், எதிர்ப்பக்கம் அம்மா. மகள்தான் வாத்தியார்.

"அம்மா, இந்தப் பாரா புத்தகத்துல இருந்து அப்படியே எடுத்தியா?"

"நல்லா இருந்துச்சுடி."

"நல்லா இருந்தா எடுத்துடுவியா? எங்க இருந்து எடுத்தேன்னு கீழ எழுது. இல்லன்னா மார்க்கு போயிடும்."

பஸ் டிரைவரான வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று குரல் கொடுப்பார்: "ஒரு வீட்டுல ரெண்டு பரீட்சை. எனக்கு எப்பம்மா சாப்பாடு?"

"ரெண்டு பேரும் பாஸானதும்!" இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்வார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பார். நல்ல மனுஷன். குழம்பு மட்டும் அவர் வைத்தால் கொஞ்சம் பிரேக் பிடிக்காமல் காரம் ஓடும்.

மூன்று பருவம் அக்கா தேறிவிட்டார். நான்காவது பருவத்தில்தான் சிக்கல் வந்தது. கடைசி வேலையாகத் தான் வேலை பார்க்கும் இடத்தையே ஆராய்ந்து ஒரு அறிக்கை எழுத வேண்டும். எத்தனை விபத்து, மயிரிழையில் தப்பியது எத்தனை, ஏன் நடந்தது. 'இதெல்லாம் சரி' என்று கம்பெனி மேனேஜர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அறிக்கை செல்லாது. அறிக்கை செல்லாவிட்டால் பட்டயம் கிடையாது. அந்தப் படிப்பையும் அந்த வருஷத்தோடு மூடப்போகிறார்களாம், அடுத்த வருஷம் எழுதலாம் என்ற பேச்சே இல்லை. இரண்டு வருஷ சனி ஞாயிறு மொத்தமும் ஒரு கையெழுத்தில் தொங்கியது.

அக்கா ஒரு படிவம் தயார் செய்து நாற்பத்துமூன்று பேருக்கும் கொடுத்தார். பேர் எழுத வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார். திரும்பி வந்த எல்லாப் படிவத்திலும் 'அப்படி எதுவும் இல்லை'. ஒரு படிவத்தில் மட்டும் எழுத்து கோணல்மாணலாக, சின்னப் பிள்ளை எழுதிய மாதிரி இருந்தது. பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன் எழுதியது. வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் 'அப்படி எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தான்.

அந்தப் படிவக் கட்டைக் கொண்டுபோய்ப் பாடம் நடத்துகிற பேராசிரியையிடம் காட்டியிருக்கிறார் அக்கா. ஒல்லியான அம்மா, பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பாராம். நாற்பத்துமூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"முப்பது மாசமா ஒண்ணுமே நடக்கலையா? உங்க கம்பெனியில ஆளுங்க வேலை செய்றாங்களா, இல்ல போட்டோவுக்கு நிக்கிறாங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. பேராசிரியை விடவில்லை. "ஒண்ணும் நடக்கலைன்னு எல்லாரும் எழுதினா, ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம் இல்லம்மா. உங்ககிட்ட சொல்ல யாரும் தயாரா இல்லைன்னு அர்த்தம். ஏன்னு கண்டுபிடிங்க. அதுதான் உங்க அறிக்கை."

திங்கட்கிழமை காலையில் அக்கா கையுறை வாங்க வந்தார். இந்தத் தடவை நிஜமாகவே கையுறைக்குத்தான். நான் வக்கீலின் விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "குளியலறைக்கா" என்றான்.

"மணி பத்தேகால் ஆகுது. எந்தக் குளியலறைடா?"

அவன் நழுவிவிட்டான். அக்கா பிஸ்கட் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இந்த டப்பா எத்தனை நாளா இருக்கு?"

"பலகை மாட்டுன மறுநாள்ல இருந்தும்மா."

"இதுல இருந்து யார் யாருக்கு என்ன போச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

என்னைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா? பசித்தவனிடம் சாப்பிடுகிறாயா என்று கேட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் ஒரு பிகு பண்ணினேன். "அதெல்லாம் நம்பிக்கையா சொன்னதும்மா. வெளிய சொல்லக்கூடாது."

"பேர் வேணாம். எங்க, எப்ப, எப்படி. அது போதும். ஊர்க்கதையெல்லாம் பேசுறீங்க. இந்த ஒரு தடவை பிரயோஜனமாப் பேசுங்கண்ணே."

நான்கு நாள் சாப்பாட்டு நேரம் பூரா பேசினேன். அக்கா கவிழ்த்துப் போட்ட அட்டைக்கட்டில் உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் பேனாவாக எழுதினார். பேர் சொல்லாமல் கதை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது, உப்பில்லாமல் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. யார் சிரித்தார்கள் என்று ஆரம்பித்தால், "அது வேணாம்ணே, மிஷின் ஓடுச்சா நின்னுச்சா, அதைச் சொல்லுங்க" என்பார். மொத்தம் அறுபத்தொன்று தேறியது.

உண்மையைச் சொன்னால் அறுபத்திரண்டு. ஒன்றை மட்டும் நான் விட்டுவிட்டேன். மேனேஜர் மாடிப்படியில் சறுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரம் என் அறைக்கு வந்து பஞ்சு கேட்ட கதை. ஒருவாரம் நொண்டினார். கேட்டவர்களிடம் குளியலறை என்றார். எனக்கும் வேலை முக்கியம் இல்லையா?

வெள்ளிக்கிழமை அக்கா ஒரு தாளில் கம்பெனியின் படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து, அடிபட்ட இடத்திலெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. இருபத்துமூன்று புள்ளி ஒரே இடத்தில், ஸ்லாட்டிங் மிஷினின் வலது பக்கம்.

"ஏன் எல்லாரும் இங்கயே கையை விடுறாங்க?" என்றார்.

நான் வக்கீலைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினான். டப்பா விஷயம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்றதும் அவனுக்கே உரிய வேகத்தில் வாதாட ஆரம்பித்தான்.

"நிறுத்துற சுவிட்ச் எங்க இருக்கு? மிஷினைச் சுத்தி அந்தப் பக்கம். பதினோரு அடி நடக்கணும். சரி, நடந்து போயி நிறுத்துறேன். திரும்ப ஓட்டணும்னா நோட்டுல எழுதி சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கணும். சூப்பர்வைசர் யாரு? நீங்க. நீங்க என்ன கேப்பீங்க?"

"என்ன கேப்பேன்?"

"'மறுபடி நிறுத்துனியா? இன்னிக்கு எத்தனாவது தடவை? லோடு வண்டிக்காரன் உன் மாமனா, வாசல்ல காத்துக்கிட்டு நிக்க?' இப்படிக் கேப்பீங்க. அந்தக் குரலுக்கு மிஷினுக்குள்ள கையை விடுறதே மேல்க்கா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா படத்திலிருந்த இருபத்துமூன்று புள்ளிகளையும் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் குட்டை விரலைப் பார்த்தார்.

"அன்னிக்கு நானும் பழைய சூப்பர்வைசர் திட்டுவாருன்னு பயந்துதான் நிறுத்தலை. அவர் கேட்ட அதே கேள்விண்ணே. வார்த்தை கூட மாறலை. லோடு வண்டி மாமன் உட்பட."

இரண்டு நாளில் அறிக்கை எழுதி முடித்துவிட்டார். அறுபத்தொன்றையும் எழுதினார், பதினோரு அடியை எழுதினார், தன் குரலையும் எழுதினார். 'இருபத்துமூன்று விபத்துகளுக்கு சூப்பர்வைசரின் ஏச்சும் ஒரு காரணம்' என்று எழுதிய பக்கத்தை மகள் இரண்டு தடவை படித்துவிட்டு, "அம்மா, இது உன்னையே போட்டுக்குடுக்கிற மாதிரி இருக்கே" என்றாளாம். "மாதிரி இல்லடி, அதேதான்" என்றாராம் அக்கா.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் அறைக்குப் போனார். அறிக்கை கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். கண்ணாடி அறை என்பதால் சத்தம் கேட்கவில்லை, வாயசைவு மட்டும் தெரிந்தது. அக்கா வெளியே வந்து சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கத்தவில்லையாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லித்தான் பேசியிருக்கிறார்.

"ஏம்மா, இன்னும் இருபது நாள். இருபதே நாள். ஆயிரம் ஆகட்டும், அப்புறம் நானே போடுறேன்."

"வெள்ளிக்கிழமைக்கு மேல வாங்க மாட்டாங்க சார்."

"அப்போ ஒண்ணும் நடக்கலைன்னு எழுதிக் கொண்டாங்க. இப்பவே போடுறேன், பேனா கையிலதான் இருக்கு. நாற்பத்துமூணு பேரும் அப்படித்தானே எழுதிக் குடுத்திருக்காங்க? நீங்க எழுதுனதுக்கு ஆதாரம் என்ன? ஸ்டோர்காரன் வாயா?"

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அன்று முழங்காலுக்குப் பஞ்சு வைத்தபோது இந்த ஸ்டோர்காரன் இனித்தானா? பொறுக்க முடியாமல் அறுபத்திரண்டாவது கதையை அக்காவிடம் கொட்டிவிட்டேன். "இதைப் போய்ச் சொல்லும்மா. கையெழுத்து என்ன, கைரேகையே வைப்பாரு."

அக்கா என்னை முறைத்தார். "அது அவர் வாயால வரணும்ணே. நான் சொன்னா மிரட்டுறது. மிரட்டி வாங்குற கையெழுத்துக்கு நான் ரெண்டு வருஷம் படிக்கணுமா?"

"அப்போ என்ன பண்ணப்போற?"

"ஆதாரம்தானே கேட்டாரு" என்றார். குரலில் கவலையே இல்லை. அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது, இந்த அம்மா ஏதோ முடிவு பண்ணிவிட்டார்.

புதன்கிழமை காலை. வேலை தொடங்குவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் எல்லோரும் பலகைக்குக் கீழே நிற்பது வழக்கம். சூப்பர்வைசர் அன்றைய வேலையைச் சொல்வார். வாட்ச்மேன் 981 என்று மாட்டிவிட்டுப் போயிருந்தார். அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"நான் ஒண்ணு சொல்லணும். என் விரல் கதவுல மாட்டலை. ஸ்லாட்டிங் மிஷின்ல மாட்டுச்சு. இந்தப் பலகையில அறுபத்துநாலுன்னு இருந்த அன்னிக்கு. நான் எழுதிக் குடுக்கலை. இப்பக் குடுக்கிறேன்."

எண் அட்டைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. ஃபோர்க்லிஃப்ட்காரன் கத்தினான்: "அக்கா! பத்தொன்பது நாள்தான்க்கா இருக்கு! என் பொண்ணு கடலையே பார்த்ததில்லை!"

"தெரியும்டா. என் பொண்ணுகிட்டயும் நான்தான் போய்ச் சொல்லணும்."

இப்போதுதான் வக்கீலின் மூளை வேலை செய்தது. "இருங்க இருங்க. கணக்குப்படி பூஜ்யம் வராது. தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணுல அறுபத்துநாலு போனா தொள்ளாயிரத்துப் பதினேழு. அக்காவுக்கு அடிபட்டு தொள்ளாயிரத்துப் பதினேழு நாள் ஆச்சு. அதை மாட்டுங்க. இன்னும் எண்பத்துமூணு நாள்தான், கடலுக்குப் போயிடலாம்!"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அக்கா 917 என்று மாட்டினார். இறங்கவில்லை.

"சரி. அதுக்கப்புறம் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

மிஷின் ஓடாதபோது எங்கள் கூரைத் தகரம் காற்றில் இவ்வளவு சத்தம் போடும் என்று அன்றுதான் கேட்டேன். அக்கா யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. மேலே நின்று காத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"நீங்க மிஷினை நிறுத்துனா நான் இனிமே கத்த மாட்டேன்" என்றார். "கத்துனது என் தப்பு. அதையும் எழுதியிருக்கேன்."

ஃபோர்க்லிஃப்ட்காரன்தான் முதலில் கையைத் தூக்கினான். கட்டுப் போட்ட கை, மறைக்கவும் முடியாது. "போன மாசம்க்கா. இருபத்தாறு நாள் ஆச்சு. சரக்கு அடுக்குற மரப்பலகை சரிஞ்சு விழுந்துச்சு."

அக்கா 26 என்று மாட்டினார். மூன்றாவது ஆணி காலியானது.

"அப்போ நானும் சொல்லிடுறேன்" என்றாள் பசை போடுகிற பெண். "பதினாலு நாள். சூடான பசை."

"ஒன்பது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஏலம் விடுகிற இடத்தில் எண் ஏறித்தான் பார்த்திருக்கிறேன், இறங்கி அன்றுதான் பார்த்தேன். ஒருத்தர் சொல்லச் சொல்ல அடுத்தவர் அதைவிடக் குறைவாகச் சொன்னார். சிரிப்பு வேறு தொற்றிக்கொண்டது. வக்கீல் கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேத்து சாயங்காலம். குளியலறையில இல்லை, மிஷின்ல" என்றான். அக்கா 1 என்று மாட்டினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவு பெரிய கச்சேரியில் நான் வாய் திறக்காமல் நிற்பதா? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். "இன்னிக்குக் காலையில. ஏழு அம்பதுக்கு. புதுசா வந்த பிளாஸ்திரி பெட்டியைப் பிரிக்கும்போது கட்டர் வெட்டிடுச்சும்மா."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அக்காவும் ஸ்டூலில் நின்று சிரித்துக்கொண்டே பூஜ்யத்தை மாட்டினார்.

திரும்பிப் பார்த்தால் மாடிப்படியின் நடுவில் மேனேஜர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். சறுக்கியது அதே படிதான். சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது சார். நீங்க கேட்ட ஆதாரம்" என்றார் அக்கா. ஸ்டூலிலிருந்து இறங்கி அறிக்கையைக் கொண்டுபோய் நீட்டினார்.

மேனேஜர் அங்கேயே படியில் உட்கார்ந்து புரட்டினார். புள்ளி வைத்த படத்தில் ரொம்ப நேரம் நின்றார். சூப்பர்வைசரின் ஏச்சு என்ற பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு தடவை அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அங்கே காப்பாற்ற இனிமேல் ஒன்றும் இல்லை, தனியாக ஒரு பூஜ்யம்தான் தொங்கியது.

பேனாவை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்தைத் திருப்பி 'மொத்தம் அறுபத்தொன்று' என்ற இடத்தில் அறுபத்தொன்றை அடித்துவிட்டு அறுபத்திரண்டு என்று எழுதி, அதற்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டார். படத்தில் மாடிப்படி இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கவனமாக மேலே ஏறிப் போனார்.

"எதுக்குக்கா திருத்துனாரு?" என்று வக்கீல் கேட்டான்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு கதையை வாய்க்குள்ளேயே வைத்திருந்தது அந்த ஒரு நாள்தான். சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் பேராசிரியையும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். எழுதியது இருக்கட்டும், என்ன மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்லாட்டிங் மிஷினில் நிற்கிற ஆளின் கைக்கெட்டும் தூரத்தில் புது சுவிட்ச் வைத்ததையும், கையெழுத்து வாங்குகிற நோட்டைத் தூக்கிப் போட்டதையும் அக்கா சொன்னாராம். முதல் வாரம் வக்கீல் ஒரே நாளில் பதினேழு தடவை மிஷினை நிறுத்தினான். வேண்டுமென்றே தன்னைச் சோதித்தான் என்றாராம் அக்கா. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "பல்லைக் கடிச்சுக்கிட்டு பதினேழு தடவையும் நல்லதுன்னு சொன்னேன் மேடம். பதினெட்டாவது தடவை அவனுக்கே வெக்கமாயிடுச்சு" என்றாராம். பேராசிரியை கண்ணாடியைத் துடைக்க மறந்து சிரித்திருக்கிறார். அக்கா தேறிவிட்டார். அதே வாரம் மகளுக்கும் தேர்வு முடிவு வந்தது, அவளும் தேறிவிட்டாள். வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "இனிமேலாச்சும் யாராவது சமைப்பீங்களா?" என்று கேட்டது கீழே என் வீடு வரை கேட்டது.

கடலுக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. அதை வைத்து அக்காவை வாரத்துக்கு ஒரு தடவையாவது குத்திக்காட்டுகிறோம், அவரும் வாங்கிக்கொள்கிறார். சுவரில் இருக்கிற முதலுதவிப் பெட்டியின் சீலை உடைத்தாயிற்று. அதிலிருந்து எடுத்தால் எழுத வேண்டும், எழுதினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இதனால் எனக்குத்தான் நஷ்டம். யாரும் இப்போது என் அறைக்கு ஒளிந்து வருவதில்லை, கதை வருவதும் குறைந்துவிட்டது. ஆளை வரவழைக்க அந்த டப்பாவில் நிஜமாகவே பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறேன். நேற்று மேனேஜர் வந்து இரண்டு எடுத்துக்கொண்டு போனார்.